கையைத் தூக்கியது தப்பா? 14 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்தில் ஐந்து ஃபவுல்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கடைசி குவார்ட்டரில் 2 நிமிடம் 40 விநாடி மீதமிருந்தபோது வெள்ளை அணியின் 11ஆம் எண் சிறுமிக்கு ஐந்தாவது ஃபவுல் கொடுத்தேன். அத்துடன் அவள் ஆட்டம் முடிந்தது. அவள் அணி 3 புள்ளியில் தோற்றது.

அந்த விசில் சரியானது. வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அது ஃபவுல்தான். ஆனாலும் அவள் வெளியேறியதற்குக் காரணம் நான்தான். இதை மேலோட்டமாக ஒப்புக்கொண்டு கடந்துபோக மனம் வரவில்லை. சிறுவர் ஆட்டங்களில் விசில் ஊதும் எல்லோருக்கும் இதே தவறு நடக்கும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆட்டம் 14 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான லீக் சுற்று. சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகள்தான், குவார்ட்டர் மட்டும் 10 நிமிடத்துக்குப் பதில் 8. நடுவர்கள் இரண்டு பேர்: நானும், எனக்குப் பல ஆண்டுகள் இளையவரான ஒரு சக நடுவரும். ஒரு பெற்றோர் ஆட்டம் முழுவதையும் படம் பிடித்திருந்தார். கேட்டு வாங்கி நான்கு முறை பார்த்தேன். முதல் முறை சாதாரணமாக. இரண்டாவது முறை தடுப்பவர்களின் கால்களை மட்டும். மூன்றாவது முறை கைகளை மட்டும். நான்காவது முறை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு. அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த நான்காவது முறைதான்.

முதல் ஃபவுல்: நீலம் 5, வெள்ளை 11

நீல அணியின் 5ஆம் எண் சிறுமி களத்திலேயே குள்ளமானவள், அதிவேகமானவள். வெள்ளை 11 மற்ற ஒன்பது பேரையும் விட ஒரு தலை உயரம். இந்த வயதில் இது சாதாரணம். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேரில் ஒருத்தி வளர்ந்து முடித்திருப்பாள், இன்னொருத்தி வளரத் தொடங்கியே இருக்க மாட்டாள்.

முதல் குவார்ட்டரின் நடுவில் நீலம் 5 வலப்பக்கமாக டிரிபிள் செய்து ரிங்கை நோக்கிப் பாய்ந்தாள். வெள்ளை 11 ஏற்கனவே வழியில் நின்றிருந்தாள். அவளை எதிர்நோக்கியபடி, இரண்டு காலும் தரையில். நீலம் 5 லே-அப்புக்கு (ரிங்குக்கு அருகே ஓடிவந்து எழும்பிப் போடும் ஷாட்) எழும்பியதும் இவளும் நேராகக் குதித்தாள், இரண்டு கைகளும் தலைக்கு மேலே. மோதல். நீலம் 5 பின்னால் தெறித்து விழுந்தாள். சத்தமான விழுகை. பார்வையாளர் பக்கம் "ஃபவுல்!" என்று ஒரே குரல். நான் விசில் ஊதினேன். ஷாட்டில் ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோ.

வீடியோவில் கால்களை மட்டும் பார்த்தால், வெள்ளை 11 எந்த இடத்திலிருந்து எழும்பினாளோ அதே இடத்தில் இறங்கியிருக்கிறாள். கை முன்னால் சாயவில்லை, இறங்கவில்லை. மோதலை உண்டாக்கியது நீலம் 5இன் தோள். ஒலியை அணைத்துப் பார்த்தபோது இதில் விசிலுக்கு என்ன வேலை என்று எனக்கே புரியவில்லை.

விதி இங்கே தெளிவானது. களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் உருளை அளவு இடம் சொந்தம்: முன்னால் மடக்கி உயர்த்திய கையின் உள்ளங்கை வரை, பின்னால் இடுப்பின் பின்பகுதி வரை, பக்கவாட்டில் கை கால்களின் வெளி விளிம்பு வரை. அந்த உருளை தரையோடு நிற்பதில்லை, தலைக்கு மேலேயும் போகிறது. அதற்குள் நேராகக் குதித்துக் கையை உயர்த்துவது தடுப்பவளின் உரிமை. வெளியிலிருந்து ஒருத்தி உள்ளே வந்து மோதினால், தடுத்தவள் மீது ஃபவுல் கிடையாது. தேவைப்பட்டால் மோதியவள் மீது, இல்லையென்றால் யார் மீதும் இல்லை.

ரிங்குக்குக் கீழே உள்ள அரைவட்டத்தைப் பற்றிப் பெற்றோர்களிடமும் சில பயிற்சியாளர்களிடமும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 1.25 மீட்டர் ஆரமுள்ள அந்த அரைவட்டத்துக்குள் தடுப்பவள் நின்றால் எல்லாமே அவள் மீதான ஃபவுல் என்று நினைக்கிறார்கள். அங்கே பறிபோவது ஒன்றுதான்: பந்தோடு காற்றில் வந்து மோதுபவள் மீது சார்ஜ் (தாக்குபவள் வந்து இடித்ததற்கான ஃபவுல்) கேட்கும் வாய்ப்பு. நேராகக் குதிக்கும் உரிமை அரைவட்டத்துக்குள்ளும் அப்படியே இருக்கிறது. வெள்ளை 11 நின்றதோ அரைவட்டத்துக்கு வெளியே.

விதி தெரிந்தும் ஏன் ஊதினேன்?

முதல் காரணம் நான் நின்ற இடம். அந்தப் பக்கம் நான் லீட், அதாவது ரிங் பக்கம் நிற்கும் நடுவர். ரிங்குக்குப் பின்னாலுள்ள எண்ட் லைனில், பெயிண்ட்டுக்கு (ரிங்குக்கு முன்னால் கோடிட்ட பகுதி) வெளியே அகலமாக நின்றிருக்க வேண்டும். ரிங்குக்கு மிக அருகில் ஒட்டி நின்றேன். அங்கிருந்து வெள்ளை 11இன் முதுகுதான் தெரிந்தது. இரண்டு உடல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி தெரியவில்லை. அந்த இடைவெளி தெரியாதவருக்கு யார் யாரிடம் போய் மோதினார்கள் என்பதும் தெரியாது. தெரியாததை ஊகித்தேன்.

இரண்டாவது காரணம் விழுகை. சின்னப் பிள்ளை விழுந்தால் மனம் உடனே அவள் பக்கம் சாயும். மூன்றாவது காரணம் உயரம். பெரியவள் நிற்கிறாள், சிறியவள் கிடக்கிறாள். கண் அதற்கு ஒரு கதையைத் தானாகவே எழுதிவிடுகிறது.

இவை மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது: நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த விளையாட்டுக்கு எழுதிய 13 விதிகளில் நடுவர் வேலையை இரண்டாகப் பிரித்திருந்தார். ஒருவர் பந்தைக் கவனிக்க, இன்னொருவர் ஆட்களைக் கவனிக்க. ஐந்தாவது விதியே தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, அடிப்பது, தடுக்கி விடுவது கூடாது என்பதுதான். பந்தையும் ஆட்களையும் ஒரே கண் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்கிறது. இன்று அந்தக் கடமை எல்லா நடுவர்களுக்கும் பொது. அதனால்தான் மூத்தவர்கள் எங்களுக்குச் சொல்லித்தருவது: "டிஃபென்ஸைப் பார்." தடுப்பவள் எப்போது வந்தாள், கால் எங்கே, கை எங்கே என்று முதலிலேயே பார்த்து வைத்திருந்தால், மோதல் நடக்கும் நொடியில் பாதி விடை கையில் இருக்கும். நான் அன்று மோதலின் முடிவை மட்டும் பார்த்தேன்.

இரண்டாவது ஃபவுல்: ரீபவுண்ட் (தவறிய ஷாட்டில் திரும்பும் பந்தைப் பிடிப்பது)

இரண்டாவது குவார்ட்டர். ஒரு ஷாட் தவறியது. நீல அணியின் 8ஆம் எண் முன்னால் இடம் பிடித்திருந்தாள், வெள்ளை 11 பின்னால். இவள் கை நீட்டி, முன்னால் நிற்பவளின் தலைக்கு மேலேயே பந்தை எடுத்தாள். நீல பெஞ்சிலிருந்து "முதுகு மேல! முதுகு மேல!" என்று சத்தம். ஊதினேன்.

"முதுகு மேலே" என்று ஒரு ஃபவுல் விதிப்புத்தகத்தில் இல்லை. பின்னாலிருந்து தள்ளினால் அது தள்ளுதல், பிடித்தால் பிடித்தல், முதுகில் சாய்ந்து அவளை நகர்த்தினால் அதுவும் ஃபவுல். மேலே கை நீட்டுவது இவற்றில் எதுவுமே இல்லை. உயரம் குற்றமாகாது. வீடியோவில் பந்து கைக்கு வரும்வரை இருவருக்கும் இடையே ஒளி தெரிகிறது. நீலம் 8 அதற்குப் பிறகு பின்வாங்கி இவள் மேல் இடித்து உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே நின்ற இடம் சரி, பார்வைக் கோணமும் சரி. தவறு முழுக்கக் காதில். பெஞ்ச் எனக்கு ஒரு பெயர் கொடுத்தது, நான் அந்தப் பெயருக்கு விசில் கொடுத்தேன். இதைப் போலவே "ரீச் இன்" என்பதும். கை நீட்டுவது ஃபவுல் இல்லை. நீட்டிய கை உடம்பையோ கையையோ தொட்டு எதையாவது பறித்தால்தான் ஃபவுல். பெயர்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. கத்துகிறவர்கள் அதை நம்பித்தான் கத்துகிறார்கள்.

மூன்றாவதையும் நான்காவதையும் வேகமாகக் கடக்கலாம். மூன்றாவது ஃபவுல், சக நடுவர் கொடுத்தது: ஷாட் போடுபவளின் முன்கையில் மேலிருந்து அடி. சரி. நான்காவது, மூன்றாவது குவார்ட்டரில் ஸ்கிரீன் வைக்கும்போது (சக ஆட்டக்காரிக்காக எதிராளியின் வழியை மறித்து நிற்பது) இடுப்பை நகர்த்தி இடித்தது. அதுவும் சரி. நான்காவதோடு அவள் கோச் அவளை வெளியே எடுத்து உட்கார வைத்தார்.

ரிங்கிலிருந்து தள்ளி நடந்துகொண்டிருந்தது

இதற்கிடையே பந்தைக் கொண்டுவரும் வெள்ளை 4ஐ நீலம் 7 ஆட்டம் முழுக்கக் கையால் ஓட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு கை, எடுப்பாள், மறுபடி வைப்பாள். வீடியோவில் முதல் பாதியில் மட்டும் ஒன்பது முறை எண்ணினேன். அதில் மூன்று முறை வெள்ளை 4 போக நினைத்த திசையே மாறியது. ஒருமுறைகூட எங்கள் இருவரிடமிருந்தும் விசில் வரவில்லை.

ஆட்டத்துக்கு முன் நான் சக நடுவரிடம் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "சின்னப் பிள்ளைங்கப்பா, ஆட விடுவோம்." அவர் அதை அப்படியே பின்பற்றினார். பழியை அவர் மேல் வைக்க எனக்கு உரிமை இல்லை.

மூன்றாவது குவார்ட்டரில் வெள்ளை 4 பொறுமை இழந்து, இடுப்பில் வந்த கையை முன்கையால் பலமாகத் தட்டித் தள்ளினாள். நீலம் 7 இரண்டடி பின்னால் போனாள். சக நடுவர் வெள்ளை 4 மேல் ஃபவுல் கொடுத்தார். அந்த நொடியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் சரியான விசில். பத்தாவது கையை விட்டுவிட்டு அதற்கான பதிலைத் தண்டித்தோம் என்பதும் உண்மை. அவள் திரும்பி எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

ஐந்தாவது ஃபவுல்

நான்காவது குவார்ட்டரில் வெள்ளை 11 மீண்டும் உள்ளே வந்தாள். நீலம் 5 அதே வலப்பக்கம், அதே பாய்ச்சல். இம்முறை நான் அகலமாக நின்றிருந்தேன், எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளை 11 கையைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல் வைத்திருந்தாள். கை இல்லாமல் தடுக்க வேண்டுமென்றால் உடம்பால்தான் தடுக்க முடியும். பக்கவாட்டில் நகர்ந்து, நீலம் 5 தரையை விட்டு எழும்பிய பிறகு அவள் வழியில் இடுப்பை நுழைத்தாள். காற்றில் இருப்பவள் இறங்க வேண்டிய இடத்தில் பிறகு வந்து நிற்கக்கூடாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஊதினேன், கணக்கு எழுதும் டேபிளுக்குக் காட்டினேன்.

முதல் ஃபவுலிலிருந்தே அவள் கைகள் இறங்கத் தொடங்கியிருந்தன. வீடியோவை மூன்றாவது முறை, கைகளை மட்டும் பார்த்தபோதுதான் இதைக் கண்டேன். முதல் ஃபவுலுக்குப் பிறகு ஒருமுறை கை பாதி உயரம். இரண்டாவதுக்குப் பிறகு தோள் அளவு. கடைசியில் முதுகுக்குப் பின்னால். நேராக எழும்பிக் கையைத் தூக்கினால் விசில் வரும் என்று நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன், அவள் கற்றுக்கொண்டாள். பாடத்தை உடனே செயலில் காட்டும் வயது அது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கை குலுக்கிப் போகும்போது அவள் என் முன்னால் நின்று கேட்டாள்: "சார், கையை எங்கதான் வெச்சுக்கணும்?" நான் ஏதோ பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன். என்ன சொன்னேன் என்பதுகூட நினைவில்லை.

தொடுகைக்கும் ஃபவுலுக்கும் நடுவே

எந்தத் தொடுகையும் ஃபவுல் என்றால் கூடைப்பந்தே ஆட முடியாது. பத்துப் பேர் ஒரு சிறிய இடத்தில் ஓடுகிறார்கள். ஃபிபா விதிகள் நடுவரிடம் கேட்பது, தொட்டவளுக்கு ஏதாவது ஆதாயம் கிடைத்ததா, தொடப்பட்டவளுக்கு ஏதாவது இழப்பு நேர்ந்ததா என்று பார்க்கச் சொல்லித்தான். ஆடுபவர்களின் திறனையும் மனதில் கொள்ளச் சொல்கிறது. எனக்குப் பழக்கமான அளவுகோல் நான்கு: தாளம், வேகம், சமநிலை, சட்டென்று திரும்பும் சுறுசுறுப்பு. தொடுகை இவற்றில் ஒன்றைக் குலைத்ததா?

பெரியவர்கள் ஆட்டத்தில் இந்த அளவுகோல் அழகாக வேலை செய்யும். நல்ல ஆட்டக்காரர் இடுப்பில் ஒரு கை இருந்தும் கடந்து போய் ஷாட் போட்டுவிடுவார், விசில் தேவையில்லை. சிறுவர் ஆட்டத்தில் சிக்கல் வேறு. பந்து கைவிட்டுப் போவதற்கு நூறு காரணம் உண்டு. டிரிபிள் உயரமாக எழும்பியிருக்கும், கால் பின்னியிருக்கும், பயந்து கண்ணை மூடியிருப்பாள். பக்கத்தில் ஒரு லேசான தொடுகையும் இருக்கும். இழப்பு தொடுகையால் வந்ததா, திறமைக் குறைவால் வந்ததா?

நான் இப்போது பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தொடப்பட்டவளின் இடுப்பையும் பாதத்தையும் பார்க்கிறேன். கை இடுப்பில் பட்ட அதே நொடியில் இடுப்பு திரும்பியதா? போட வேண்டிய அடி வேறு பக்கம் விழுந்ததா? அப்படியென்றால் பந்து அவளிடமே இருந்தாலும் விசில். இடுப்பும் பாதமும் அதன் வழியில் போய்க்கொண்டிருக்க, பந்து மட்டும் நழுவினால் விசில் இல்லை. இரண்டு பேரும் தரையில் உருளும் பந்துக்காகப் பாய்ந்து முட்டிக்கொண்டால், விழுகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பெரும்பாலும் விசில் இல்லை.

இந்த எடை போடுதல் எதுவும் செல்லாத இடங்கள் இரண்டு. காற்றில் இருப்பவளின் காலுக்கடியில் நுழைவது. ரீபவுண்டுக்கு எழும்பியவளை முதுகில் தள்ளுவது. பந்து கூடைக்குள் விழுந்தாலும், ஆட்டம் 30 புள்ளி வித்தியாசத்தில் இருந்தாலும் அங்கே ஊதிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு விழத் தெரியாது. கையை ஊன்றி விழுவார்கள், மணிக்கட்டு போகும்.

"ஆட விடுவோம்" என்ற வார்த்தையை நான் கைவிட்டதும் இதனால்தான். அதைச் சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தத் தாராளம் எப்போதும் கை வைப்பவளுக்கே போய்ச் சேருகிறது. விதிப்படி காலை நகர்த்தித் தடுக்கக் கற்றுக்கொண்டவளுக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை.

மாற்றிக்கொண்டவை

அந்த ஆட்டத்துக்குப் பிறகு சக நடுவருடன் பேசுவதை மாற்றினேன். ஆட்டத்துக்கு முன் இரண்டு விஷயம்தான் பேசுகிறோம்: பந்து கொண்டுவருபவள் மேல் வைக்கும் முதல் கையை என்ன செய்யப்போகிறோம், களத்தில் யார் உயரம். முதல் கைக்கு வாயால் ஒரு எச்சரிக்கை: "கையை எடும்மா." ஓடிக்கொண்டே, இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி. அடுத்த கைக்கு விசில். முதல் இரண்டு நிமிடத்தில் இதைச் செய்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் காலால் தடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஃபவுல் எண்ணிக்கை சமமாக வர வேண்டும் என்ற பதற்றமும் எனக்குப் போய்விட்டது. ஒரு அணி கையால் ஆடினால் அந்த அணிக்குத்தான் எண்ணிக்கை ஏறும். ஒரு குவார்ட்டரில் அணியின் மொத்த ஃபவுல் ஐந்தானதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ போகத் தொடங்கும்போது அவர்கள் கோச்சே மாற்றிவிடுவார்.

விசிலையும் தாமதமாக்கினேன். மோதலைப் பார்த்தவுடன் ஊதாமல், அது எப்படித் தொடங்கியது, எங்கே போனது, எப்படி முடிந்தது என்று மூன்றையும் பார்த்த பிறகு ஊதுகிறேன். வெளியே இருப்பவர்களுக்கு இது தயக்கம்போல் தெரியும், "தூங்குறியா?" என்று ஒருவர் கத்தினார். அரை விநாடிதான். அந்த அரை விநாடி அன்று இருந்திருந்தால் வெள்ளை 11 நேராக இறங்கியதைப் பார்த்திருப்பேன்.

நின்ற இடத்தைத் திருத்துவதுதான் கடினம். சோர்வு வந்தால் கால் தானாகவே ரிங்கை நோக்கி ஒடுங்கிவிடுகிறது. இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. மூன்றாவது குவார்ட்டரில் என் இடத்தைக் கவனிக்கச் சொல்லி சக நடுவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு

வெள்ளை அணியை மறுபடி சந்தித்தது சில வாரங்கள் கழித்து, வேறொரு சுற்றில். ஆட்டம் எனக்கில்லை, அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்தேன். அவர்கள் பயிற்சி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் கோச்சிடம் அனுமதி கேட்டு, அவர் பக்கத்தில் நிற்கவே அவளிடம் சொன்னேன்: "அன்னைக்கு உனக்குக் கொடுத்த முதல் ரெண்டு ஃபவுலும் என் தப்பும்மா. நீ நேராத்தான் குதிச்ச. கையைத் தூக்கினது சரி."

அவள் என்னைப் பார்க்கவில்லை, கோச்சைப் பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்றைக்குப் பிறகு பயிற்சியில் ரிங்குக்குக் கீழே கையைக் கீழேயே வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் பழக்கிவருவதாகச் சொன்னார். அவளுக்கு மட்டுமில்லை, அணியில் எல்லோருக்கும்.

"மாத்திடுங்க சார்," என்றேன். அவர் தலையாட்டினார். அவள் பந்தை எடுத்துக்கொண்டு களத்துக்குள் போய், சுவரை ஒட்டி நின்று, யாரும் பாய்ந்து வராத வெறும் இடத்தில் இரண்டு கையையும் உயர்த்தி ஒருமுறை நேராகக் குதித்துப் பார்த்தாள்.